தங்கவயலில் ஒரு ராக் கச்சேரி

மகளைப் பெங்களூரில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, ஒரு சான்றிதழில் முத்திரை விழுவதற்காக ஐந்து நாள் காத்திருக்க நேர்ந்தது. விடுதிக்குப் போன மறுநாளே மகள் சொல்லிவிட்டாள்: "அம்மா, தினமும் வராதீங்க. மத்த பொண்ணுங்க பாக்கறாங்க." எனக்கு அது வசதியாகப் போயிற்று. மலேசியாவிலிருந்து கிளம்பும்போதே பெட்டிக்கு அடியில் ஒரு கேசட்டை வைத்திருந்தேன். அதில் பாடியவர்கள் கோலார் தங்கவயலில் இருந்தார்கள். பெங்களூரிலிருந்து சில மணி நேர ரயில் பயணம்தான்.

அது இரண்டாயிரமாவது ஆண்டு. எனக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு கம்பாரில், மருந்துக் கடை வேலை ஈப்போவில். தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி காரில் தனியாக ஓட்டுவேன். பெங்களூரில் படித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன் கொடுத்த கேசட் அது. குழுவின் பெயர் 'லாஸ்ட் கேஜ்'. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டைத் தங்கவயலில் 'கேஜ்' என்பார்கள். ஷிப்ட் முடிந்து கடைசியாக மேலே வருவது லாஸ்ட் கேஜ். மொத்தம் ஏழு பாட்டு. கித்தார், டிரம்ஸ், கத்தாமல் கத்துகிற ஒரு குரல். என் கணவர் அதைத் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தம் என்பார். அதில் நாலாவது பாட்டு 'மேல வந்து சொல்றேன்'. கீழே இறங்கப் போகிறவன் மனைவியிடம் சொல்வதுபோல் வரும். என்ன சொல்லப் போகிறான் என்பது பாட்டில் கடைசிவரை வராது. மூன்று வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் ஈப்போ போய்வந்தேன்.

கேசட் உறையில் இருந்த முகவரிக்கு ஒரு முறை கடிதம் எழுதியிருந்தேன். கித்தார் வாசிக்கும் சகாயம் பதில் போட்டார். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்து அட்டை. வருகிறேன் என்று எழுதியதும், 'ஞாயிறு மதியம் சர்ச் ஹாலில் புரோகிராம் இருக்கிறது, வீட்டிலேயே தங்கலாம்' என்று எழுதினார். பாடகரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் பேச்சை வைத்தே வெளிநாடு என்று கண்டுகொண்டார். "தாத்தா சமாதி பாக்க வந்தீங்களாம்மா? நிறையப் பேரு வர்றாங்க."

"இல்லைங்க. எனக்கு அங்க யாரும் இல்ல."

"பின்ன, வூடு கீடு வாங்கறீங்களா?"

"ஒரு பேண்டு பாக்க வந்தேன். ராக் பேண்டு."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "கல்யாணத்துக்கு வாசிப்பாங்களே, அந்த பேண்டா?" என்றார். அதற்கு மேல் விளக்க எனக்கும் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் பக்கம் ஒரு ஊருக்கு ஒரு ரயில் நிலையம். இங்கே ஒரே ஊருக்குள் வரிசையாக நிலையங்கள், சிலதற்கு இங்கிலீஷ் பெயர், சிலதற்குத் தமிழ்ப் பெயர். எல்லோரும் எழுந்து நின்றதைப் பார்த்து நானும் இறங்கினேன். ரயில் நகர்ந்த பிறகுதான் ஒரு நிலையம் முன்பே இறங்கிவிட்டது தெரிந்தது. பெட்டியின் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் எதிரே இருந்த மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், மலை மாதிரி, வெளிறிய மஞ்சளில். புல் கிடையாது. எங்கள் கம்பாரைச் சுற்றி ஈய லம்பத்து மணல், பழைய ஈயச் சுரங்கங்களின் மிச்சம், வெள்ளையாகக் கிடக்கும். அதற்குள் தண்ணீர் தேங்கிக் குளமாகி, வாத்து வளர்ப்பார்கள். இந்த மேட்டில் எதுவும் வளராதாம், சயனைடு கலந்த மண்.

சகாயம் ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள், நாற்பதை நெருங்கும் வயது, அங்கிருக்கும் இயந்திரத் தொழிற்சாலையின் நீலச் சட்டை. "இன்னாக்கா, ஒரு ஸ்டேஷன் முன்னாடியே எறங்கிட்டீங்க! நான் மாரிக்குப்பத்துல ஒவ்வொரு பெட்டியா பாத்துக்கினு இருக்கேன்." என் பெட்டியை முன்னால் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் நுழைவதற்குள் நாலு பேர் வண்டியை நிறுத்தி, யார் இது என்று கேட்டார்கள். "நம்ம ஃபேன்! மலேசியா!" என்று அவர் சொன்னதை நாலு பேருமே நம்பவில்லை.

வீட்டில் அவர் மனைவி ஸ்டெல்லா டீயும் சூடான மசால் வடையும் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூட ஆசிரியை. குழாயில் இன்று தண்ணீர் வந்த நாளாம். சமையலறை முழுக்கப் பிளாஸ்டிக் குடங்கள் நிறைந்து நின்றன. நான் டீயைக் குடித்துவிட்டு, "எட்வின் எங்க இருக்கார்?" என்று கேட்டேன். கேசட்டில் பாடியவர் எட்வின்.

ஸ்டெல்லா சகாயத்தைப் பார்த்தார். சகாயம் வடையைப் பார்த்தார்.

"அவன் இப்ப பாடறதில்லக்கா. ரட்சிக்கப்பட்டுட்டான். வேற சபை. சினிமாப் பாட்டு, நம்ம பாட்டு எல்லாம் உலகப் பாட்டாம். நாங்கள்லாம் நேரா நரகத்துக்குப் போறவங்க."

"அவரு அப்படிச் சொல்லவே இல்ல," என்றார் ஸ்டெல்லா. "நீங்களா சொல்லிக்கினு இருக்கீங்க."

"சொல்லணுமா? பத்து மாசமா ஒரே ஃபேக்டரியில, ஒரே ஷெட்டுல வேலை செய்யறோம். டீ டைம்ல அவன் அந்தப் பக்கம் நிக்கறான், நான் இந்தப் பக்கம் நிக்கறேன். ஏன்டா வரலேன்னு கேட்டதுக்கு, வுட்டுட்டேன்னான். அவ்ளோதான். பன்னெண்டு வருஷம் ஒண்ணா வாசிச்சோம், ஒரே வார்த்தையில முடிச்சிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை யார் பாடுவது என்று கேட்டேன். "நான்தான்," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

மாலையில் ஒத்திகை. நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்யும் டிரம்மர் புஷ்பராஜின் வீட்டில், கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசித்தார்கள். எனக்கு ஒரு இரும்பு நாற்காலி. தெருவே வாசலில் கூடிவிட்டது, வாசிப்பவர்களைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள்: "இதுக்கா அவங்க ஏரோப்ளேன் ஏறி வந்தாங்க?" கித்தார் அருமையாக இருந்தது. சகாயத்தின் குரல் அப்படி இல்லை. நாலாவது பாட்டில் மூன்றாம் அடிக்கு வந்தபோது மூச்சு முட்டி நின்றுவிட்டார். "சளி," என்றார். நான் கைதட்டினேன். தனியாக ஒரு ஆள் கைதட்டுவது எவ்வளவு மோசமாகக் கேட்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை மதியம் ராகிக் களியும், பேத்தமங்களா ஏரி மீன் குழம்பும். நான் களியை மென்றுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா சிரித்துவிட்டார். "மெல்லக் கூடாதுக்கா. குழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும்." மூன்று முறை முயன்று, நாலாவது உருண்டை தொண்டையில் சரியாக இறங்கியது. குழம்பு எங்கள் ஊரில் அசாம் என்கிற மலாய்ப் புளி மீன் குழம்பைவிடப் புளிப்பு குறைவு, காரம் கூடுதல். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சகாயம் அரை நாள் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நீங்க போய் ஒரு வார்த்தை கேளுங்கக்கா. எட்வின் அண்ணன் நல்லவரு. இவ்ளோ தூரம் வந்தவங்க பேச்சத் தட்ட மாட்டாரு. ஒரே ஒரு பாட்டு. இவரு வெளிய சொல்றதில்ல, ஆனா ராத்திரி கேசட்டப் போட்டுக் கேக்கறாரு."

நான் கிளம்பினேன். அதற்காகத்தானே வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி வழியில் ஆட்டோவின் கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அய்ய, சும்னே கோச்சிக்கினு நிக்கிது. தோ, ஒரு தள்ளு தள்ளுங்கம்மா, எறக்கந்தான்," என்றார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினேன். எங்கள் ஊரில் டாக்சி நின்றால் ஓட்டுநர் முறைத்துக்கொண்டு நிற்பார், நாம் வேறு டாக்சி தேடுவோம். இங்கே எதிரே சைக்கிளில் வந்த இரண்டு பேர் எதுவும் கேட்காமல் சேர்ந்து தள்ளினார்கள். இறக்கத்தின் அடியில்தான் தொழிற்சாலைக் குடியிருப்பு.

எட்வின் வீட்டு வாசலில் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்வின் என்னை எதிர்பார்த்தவர் போலவே எழுந்து வந்தார். கேசட் குரலை வைத்து உயரமான, தாடி வைத்த ஒருவரை நான் கற்பனை செய்திருந்தேன். குள்ளமான, முன்தலை வழுக்கை விழுந்த வெல்டர் நின்றார். கைகளில் தீப்பொறி பட்ட சிறு சிறு புள்ளிகள்.

"வாங்கக்கா. மலேசியாலேர்ந்து வந்தவங்க நீங்கதான? ஊரே பேசிக்கினு இருக்கு."

அவர் மனைவி கிரேஸ் காபி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. சமையலறை நிலைப்படியில், கையில் ஈரத்துணியோடு நின்றுகொண்டார்.

ரயிலையும் வெயிலையும் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு நான், "நாலாவது பாட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"சகாயம் அனுப்பினானா?"

"இல்ல. அவருக்குத் தெரியாது."

எட்வின் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாஸ்டர் சொல்லித்தான் வுட்டேன்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க. நானும் நெனைக்கட்டும்னு வுட்டுட்டேன். அது இல்லக்கா. மேடை ஏறணும்னா எனக்கு ரெண்டு ரவுண்டு வேணும். எறங்கினா நாலு. அப்புறம் மேடை இல்லாத நாளும் வேணும். பாட்டு ஆரம்பிச்சா நாக்கு அதக் கேக்கும், அது உள்ள போனா பாட்டு தானா வரும். ரெண்டையும் பிரிக்கத் தெரியல எனக்கு. அதனால ரெண்டையும் வுட்டேன். சபைல போய் உக்காந்தது கூட, சாயங்காலம் போறதுக்கு ஒரு இடம் வேணுமேன்னுதான். அப்புறம் பிடிச்சுப் போச்சு."

"சகாயத்துக்கிட்ட இதச் சொல்லலாமே?"

"சொன்னா இன்னா சொல்லுவான்? குடிக்காம பாடுடா, நான் பக்கத்துல நிக்கறேன்னுவான். நானும் நம்பிடுவேன். அதான் சொல்லல."

நான் கிரேஸைப் பார்த்தேன். அவர் தன் கணவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என் அண்ணன் கம்பாரில் கல்யாண வீடுகளில் பாடுவார். பாடிவிட்டு வருகிறவருக்குச் சம்சுச் சாராயம் வாங்கிக் கொடுக்க எப்போதும் யாராவது ஒரு ரசிகர் இருப்பார். யாராவது வாசலில் வந்து, "வாங்கண்ணே, ஒரே ஒரு பாட்டு," என்று கூப்பிடும்போது என் அண்ணி இப்படித்தான் நிலைப்படியில் நிற்பார். அண்ணன் நாற்பதைத் தொடவில்லை. வந்து கூப்பிட்டவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. பாட்டைக் கேட்க ஆசைப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

"பாட்டு ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லத்தான் வந்தேன், தம்பி," என்றேன். "மூணு வருஷமா கேக்கறேன். நேர்ல சொல்லணும்னு தோணுச்சு."

எட்வின் ஆச்சரியப்பட்டார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் ஏமாற்றமும் அடைந்தாரோ என்னவோ. "தேங்க்ஸ்க்கா," என்றார். மகளைக் கூப்பிட்டு, அவள் வரைந்திருந்த கேஜ் படத்தைக் காட்டச் சொன்னார். நன்றாக இருந்தது. கூண்டுக்குள் ஆட்களோடு ஒரு ஆட்டுக்குட்டியும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அதுவும் மேல வரணும்ல?" என்றாள்.

கிரேஸ் தெருமுனைவரை கூடவே வந்தார். வேறொரு ஆட்டோவில் நான் ஏறும்போது மெதுவாகச் சொன்னார்: "நீங்க கேட்டிருந்தா அவரு பாடியிருப்பாருக்கா. எனக்கு அதான் பயமா இருந்துச்சு."

திரும்பி வந்தபோது சகாயம் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். ஸ்டெல்லா நான் போன இடத்தைச் சொல்லிவிட்டார் போல. கித்தாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னா சொன்னான்?" என்றார்.

"நான் பாடச் சொல்லிக் கேக்கல."

"பின்ன இன்னாத்துக்குக்கா போனீங்க?" குரலில் கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபத்திலிருந்துதான், எட்வின் வருவார் என்று ஸ்டெல்லாவைவிட அவர்தான் அதிகம் நம்பியிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

எட்வின் சொன்னதை நான் சொல்ல முடியாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "நீங்க நரகத்துக்குப் போறவர்னு அவர் நினைக்கல. உங்க மேல கோவமும் இல்ல. காரணம் வேற. அத நீங்க அவர்கிட்டதான் கேக்கணும்."

"நான் கேக்க மாட்டேன். அவன்தான் போனான், அவன் வரட்டும்." கம்பியை முறுக்கினார். டொங்கென்று அறுந்தது. வேறு கம்பி வாங்கக் கடைக்குப் போனவர், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினார்.

ஞாயிறு காலை அறுப்பின் பண்டிகை. நான் கோயிலுக்குப் போகிறவள். சர்ச்சில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் ஸ்டெல்லாவைப் பார்த்துப் பார்த்து எழுந்தேன். பீடத்தின் முன் பூசணி, கரும்பு, வாழைத்தார், ராகிக் கதிர், மூன்று உயிருள்ள கோழிகள். ஆராதனைக்குப் பின் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். தலையைச் சொறிந்ததற்கே ஒரு பெரிய பூசணிக்காய் என் பெயரில் விழுந்துவிட்டது. மலேசியா அக்கா எடுத்துவிட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கைதட்டல் வேறு.

மூன்று மணிக்கு ஹாலில் கச்சேரி. நூறு பேர் இருப்பார்கள், பாதிப் பேர் மடியில் காய்கறி. மின்சாரம் ஏறி இறங்கியதில் ஒலிபெருக்கி உறுமிக்கொண்டே இருந்தது. முதல் மூன்று பாட்டுக்கும் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்தை மூடப் போகிறார்களாமே என்பதுதான் எல்லா நாற்காலியிலும் பேச்சு. ஒரு கோழி கத்தியது.

நாலாவது பாட்டை அறிவிக்காமலே ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு அடி எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. காருக்குள் கேட்ட குரல் அதில் இல்லை. ஆனால் டிரம்ஸ் வந்ததும் நாற்காலியின் இரும்புக் கால் வழியாக அது என் முதுகெலும்பில் ஏறியது. கேசட்டில் அது கிடையாது. சகாயம் எட்வினைப் போலப் பாட முயல்வதை விட்டுவிட்டார். நேற்றைய கோபம் இன்னும் தொண்டையில் இருந்தது. 'மேல வந்து சொல்றேன்' என்ற வரியை, சொல்லாமல் போன ஒருவனிடம் கேட்கிற மாதிரிப் பாடினார். மூன்றாம் அடியில் மறுபடி மூச்சு முட்டியது. நிற்கவில்லை. உடைந்த குரலோடேயே அடுத்த அடிக்குப் போனார். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு மூன்று வருடச் சாலையும் ஈப்போ மலைகளும் ஒரு நொடி வந்து போயின. பிறகு அவையும் இல்லை, எதிரே வாசித்துக்கொண்டிருந்த ஆட்கள் மட்டும் இருந்தார்கள். பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, "ஊர் ஞாபகம் வந்துருச்சா?" என்று கேட்டார்.

முடிந்து கைதட்டும்போது திரும்பிப் பார்த்தேன். பின்னால், டீ மேசைக்குப் பக்கத்தில் எட்வின் நின்றிருந்தார். பக்கத்தில் கிரேஸும் மகளும். எட்வின் கைதட்டவில்லை. புருவத்தை நெரித்துக்கொண்டு, வெல்டிங் சரியில்லாத இரும்பைப் பார்ப்பவர் போல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து ஜனங்கள் வெளியேறும்போது அவர் எதிர்த்திசையில் நடந்து மேடைக்குப் போனார். கிரேஸ் தடுக்கவில்லை. நானும் ஸ்டெல்லாவும் பின்னால் போனோம்.

எட்வின் சகாயத்திடம் பேசவில்லை. நேராக டிரம்ஸிடம் போனார். "இன்னா புஷ்பராஜ், நாலாவது பாட்ட இவ்ளோ வேகமா அடிக்கற? பாடறவன் மூச்சு வுட இடம் வேணாமா?"

சகாயம் வயரைச் சுருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "பாடறவன் நான். எனக்கு மூச்சு இருக்கு."

"இருந்துச்சா? மூணாவது அடியில செத்துட்டியே."

புஷ்பராஜ்தான் முதலில் சிரித்தார். சகாயம் வயரைக் கீழே போட்டார். "அப்ப நீ வந்து பாடறது! பத்து மாசமா எங்க போன?"

"பாட மாட்டேன்." எட்வின் தெளிவாகச் சொன்னார். "எதுக்குன்னு தனியா சொல்றேன், நாளைக்கு டீ டைம்ல. அத வெச்சு என்னப் பாடக் கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன். ஆனா நீ பாடறதுன்னா ரெண்டு கட்டை எறக்கிப் பாடு. உன் தொண்டைக்கு இந்த உயரம் ஒத்து வராது."

"எறக்கினா கித்தார் கேவலமா இருக்கும்."

"இப்ப மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

அதன்பிறகு அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. கட்டை, தாளம், எந்த அடியில் எங்கே மூச்சு. தலைகள் ஒன்றாகக் குனிந்துவிட்டன. எட்வின் விரல் முட்டியால் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் தட்டித் தட்டிக் காட்டினார். கிரேஸ் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் உட்கார்ந்து பார்த்தேன். மகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "இருங்கக்கா, அவங்களக் கூப்பிடறேன், சொல்லிக்கினு போங்க," என்றார் ஸ்டெல்லா.

"வேணாம்லா. பேசட்டும்." பூசணிக்காயை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவில் பெட்டியை ஏற்றும்போது, உள்ளே டிரம்ஸ் மறுபடி ஆரம்பித்தது. நாலாவது பாட்டு, இந்த முறை மெதுவாக. சகாயத்தின் குரல் இரண்டு அடி வந்து நின்றது. யாரோ ஏதோ சொன்னார்கள். மறுபடி முதல் அடியிலிருந்து பாடினார். மூன்றாம் அடி வரும் வரை ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னேன். இந்த முறை மூச்சு முட்டவில்லை. பாட்டு நான்காம் அடிக்குப் போனது. அப்போது கிளம்பச் சொன்னேன்.